மரியாதைக்கு எழுந்து நின்ற கம்ப்யூட்டர்

பதினொரு மணிக்குக் குழந்தைகள் டாக்டரம்மா வருகிறார். எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது.

ஓடத்தான் ஓடியது. ஆனால் திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கட்டிடப் படத்தைத் திறந்தால், 'கிராபிக்ஸ் கார்டு இல்லை' என்று ஒரே வரியில் கையை விரித்தது. பெட்டிக்குள் செங்கல் கனத்தில் அந்தக் கார்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்று மாலை வரை இருந்தது, இன்று இல்லையாம்!

வரைபடக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொரு வருஷம் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் அடுத்தவர் பெயருக்கு வரைந்து தள்ளியவள் அவள். அதை விட்டுவிட்டு வந்தபின் தன் பெயரில் கிடைக்கப்போகும் முதல் வேலை இது, குழந்தைகளுக்கான கிளினிக். இன்னும் இரண்டு பேர் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா பகல் ரயிலில் ஊருக்குப் போகிறார், போவதற்குள் முடிவு சொல்லிவிடுவார். தாளில் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். இவளுடைய கிளினிக்குக்குள் மட்டும் திரையில் நடந்து போகலாம், கதவைத் திறக்கலாம், ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம். கார்டு இல்லையென்றால் அந்த நடையும் இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா புருஷன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான். அரைமணியில் பையோடு வந்து நின்றார். தங்கமான மனுஷன். ஒரே சிக்கல், அவரும் அவள் கணவனும் பேசிக்கொள்வதில்லை.

கணவன் தச்சன். ஆறு மாதத்துக்கு முன் சகலைக்கு ஓர் அலமாரி செய்து கொடுத்தான். சகலை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கதவு கீச்சுங்குதே" என்றார். அவ்வளவுதான். கதவுக்கு எண்ணெய் விட்டார்கள், சத்தம் நின்றது. சகலைகளுக்கு எந்த எண்ணெயும் வேலை செய்யவில்லை.

அத்தான் பெட்டியைத் தரையில் படுக்க வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

"டார்ச்சை இந்தப் பக்கம் காட்டச் சொல்லும்மா."

டார்ச்சைப் பிடித்திருந்த கணவன் அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். "எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லு," என்றான் மனைவியிடம்.

"மூணு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கோம்? எனக்கு எதுக்கு இந்தத் தபால்காரர் உத்தியோகம்?" என்றாள் அவள்.

அத்தான் கார்டைப் பிடுங்கினார். அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, தூசி ஊதி, 'டக்'கென்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தினார். ஸ்விட்ச் போட்டதும் கார்டு இருக்கிறது என்றது திரை. அவளுக்கு உயிர் வந்தது. "வெறும் தூசிம்மா," என்று மூடி, பெட்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டினார். கார்டு இல்லை.

மறுபடி படுக்கப் போட்டு, கார்டுக்கு உண்டான மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். வந்தது. தூக்கி நிறுத்தினார். போனது. மின்சார வயரை மாற்றினார். வந்தது, போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மணி பத்தரை.

"கார்டே போயிருச்சுன்னு நெனைக்கிறேம்மா," என்றார் அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் நேரம் இல்லாததால், அந்தப் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், படுத்திருந்தா இருக்குன்னு சொல்லுது. நின்னா இல்லைங்குது."

"இத்தன நாளா நின்னுட்டுதானே இருந்துச்சு?"

"இல்லையே. டேபிளுக்கு அடியில படுத்துட்டுதான் இருந்துச்சு. நேத்து சாயந்திரம் வேலையெல்லாம் முடிஞ்சப்புறம்தான் இவரு தேக்குல ஒரு ஸ்டாண்டு பண்ணி நிக்க வச்சாரு."

அத்தான் மெதுவாகத் திரும்பினார். ஆறு மாத மௌனம் அங்கேதான் உடைந்தது.

"ஏய்யா நிக்க வச்சே?"

"பின்ன? அவ்வளவு பெரிய டாக்டரம்மா வீடு தேடி வர்றாங்க. இது பாட்டுக்குக் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"இது என்ன மனுஷனா, எந்திரிச்சு வணக்கம் சொல்ல? கனமான கார்டுய்யா! நிக்க வச்சா தன் கனத்துக்கே தொங்கும். பல்லு பள்ளத்தை விட்டு விலகிரும்."

கணவன் டார்ச்சோடு குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தச்சன் கண்ணுக்கு ஆணி இல்லாத இடம் தப்புமா? "தொங்காமப் பிடிக்கத்தானே இங்க ரெண்டு ஓட்டை இருக்கு? ஓட்டைதான் இருக்கு. ஸ்க்ரூ எங்க?"

அத்தான் எச்சில் விழுங்கினார். "அது... அன்னிக்குக் கொஞ்சம் அவசரம்."

"என் கதவு கீச்சுன்னுதான் சொல்லுச்சு. உங்க கார்டு கழண்டே விழுது!"

பிறகு கேட்க வேண்டுமா? ஆறு மாதத்துக்கும் சேர்த்து இருவரும் பேசித் தீர்த்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழைப்பு மணி அடித்தது. டாக்டரம்மா கால்மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

"நல்லாப் பேசுங்க, நாள் முழுக்கப் பேசுங்க. ஆனா அதை மட்டும் தொடாதீங்க. இப்பப் படுத்துதான் இருக்கு, இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்க ஓடினாள்.

டாக்டரம்மா வயர்களைத் தாண்டி வந்து, வயிறு திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "பேஷன்ட்டுக்கு என்ன?"

"நின்னா மயக்கம் வருது டாக்டர். படுத்தா நல்லா இருக்காரு," என்றாள் அவள்.

"அப்ப எழுப்பாதீங்க," என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. டாக்டரம்மா வாசலில் நுழைந்தார், காத்திருக்கும் கூடத்தைக் கடந்தார், தன் அறைக்குள் போனார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டார். "மூணு வயசுக் குழந்தைக்கு இந்த ரூம் எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவள் மூன்று வாரமாகக் காத்திருந்தாள். பார்வையை மூன்று அடிக்கும் கீழே இறக்கினாள். அந்த உயரத்திலிருந்து ஊசித் தட்டு எங்குமே கண்ணில் படவில்லை. தாழ்வாக ஒரு ஜன்னலும் அதற்கு வெளியே ஒரு மரமும் மட்டும் தெரிந்தன.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு இறங்கி, திரைக்கு முன் தரையில் குந்தினார். வெகுநேரம் பார்த்தார்.

"மத்த ரெண்டு பேரும் எனக்கு ரூம் போட்டிருக்காங்க. நீங்க அதுங்களுக்குப் போட்டிருக்கீங்க. இதையே கட்டலாம்."

பின்னால் சகலைகள் இருவரும் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு குறை," என்று டாக்டரம்மா மேஜையிலிருந்த வரைபடத்தாளை எடுத்து மூலையைத் தட்டினார். "வரைந்தவர்னு கட்டம் இருக்கு. காலியா இருக்கே?"

அவளே அப்போதுதான் கவனித்தாள். பதினொரு வருஷப் பழக்கம், அந்தக் கட்டத்தை வேறு யாரோ நிரப்புவார்கள் என்று கை தானாகத் தாண்டிப் போயிருந்தது. பேனாவை வாங்கிக் குனிந்தாள். முதல் எழுத்தைப் பொடியாக எழுதினாள்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதும்மா," என்றார் அத்தான்.

"ஆமா, பெரிசா," என்றான் கணவன்.

எழுதி முடித்ததும் டாக்டரம்மா தாளைக் கை நீட்டிப் பிடித்து, கிளினிக்கில் அடுத்தவரைக் கூப்பிடுகிற குரலில் அந்தப் பெயரை உரக்கப் படித்தார்.

"நான்தான், டாக்டர்," என்றாள் அவள்.