பின்னால் உட்காரும் முதுகெலும்பு

கர்த்தர் மனுஷனுக்கு முதுகெலும்பைக் கொடுத்ததே மோட்டார் சைக்கிளின் பின்னால் நிமிர்ந்து உட்காருவதற்காகத்தான் என்று, தக்கலை எஸ்டேட் குமாஸ்தா ஜான்ரோஸ் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க, ஊரில் வேறு யாரிடமும் மோட்டார் சைக்கிள் இல்லை.

சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன வண்டி அது. ஓட்டுகிறவருக்குத் தோல் இருக்கை, அடியில் இரண்டு சுருள்வில். பின்னால் சாமான் கட்டும் இரும்புச் சட்டம். அதில்தான் மனைவி பூங்கனி உட்கார வேண்டும். குழித்துறைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு மாதம் ஒன்பது மணி அடிக்குமுன் போய்ச் சேர்ந்தால் நிரந்தரம். பஸ்ஸோ, ஆள் நிறைந்தால்தான் புறப்படும்.

முதல் நாள் பூங்கனி பழந்துணியைச் சுருட்டி, சந்தைக்காரிகள் ஓலைக் கடவப் பெட்டிக்கு அடியில் தலையில் வைப்பார்களே, அதுபோல ஒரு சும்மாடு கொண்டுவந்தாள்.

"ஏட்டி, தலையில வைக்கியத எங்க வைக்கப் போற? நாம மீன் விக்கவா போறோம்?"

சும்மாடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

பள்ளியில் பூங்கனி நாள் முழுக்க நின்றே பாடம் எடுத்தாள். உட்கார முடிந்தால்தானே! தலைமையாசிரியை ஜெயபாய் அம்மாள் இதை ஜன்னல் வழியே பார்த்து உருகிப்போனார். 'கடமை என்றால் இது' என்று சொல்லி, மற்ற மூன்று ஆசிரியைகளின் நாற்காலிகளையும் எடுத்து உள்ளறையில் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து அந்த மூவரும் பூங்கனியோடு பேச்சை நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சொன்னாள்: "திங்களாச்ச ராஜினாமாக் கடுதாசி குடுக்கப் போறேன். எனக்க இடுப்பு போச்சு."

"ஒரு வாரத்துக்குள்ளயா? பழகும் பூங்கனி. முதுகெலும்பு எதுக்கு இருக்கு?"

அவள் காகிதமும் மைக்கூடும் எடுத்தாள்.

சனிக்கிழமை கிளச்சுக் கம்பி அறுந்தது. மெக்கானிக் சத்தியநேசன் வந்து மாட்டினார். "ஓட்டிப் பாத்தாதான் தெரியும். பின்னால ஏறும் ஓய், குழித்துறைப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

ஜான்ரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி வழியில் முளகுமூடு வருமுன்னே கூனினார். அதற்கப்புறம் சத்தியநேசனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கர்த்தரைக் கூப்பிட்டார்.

"என்ன ஓய், ஜெபமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டும்!"

மத்தியானம் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"இருந்து சாப்பிடுங்களேன்," என்றாள் பூங்கனி.

"வேண்டாம். காத்தோட்டமா இருக்கு."

மறுநாள் கோயிலில் போதகர் உட்காரச் சொன்ன பிறகும் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் நின்றார். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை பூங்கனி கடுதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஜான்ரோஸ் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். கோயிலுக்கு மட்டும் தோளில் போடும் சரிகை நேரியலை வட்டமாகச் சுருட்டி, இரும்புச் சட்டத்தில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அது நல்ல நேரியல் இல்லியா?"

"பழந்துணிக்கு மெத்து பத்தாது."

உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். திருப்தியில்லை. அவிழ்த்து, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றத் தொடங்கினார்.