நானூறு கிராம்

நேசமலரின் இரண்டு வயது மகள் தர்ஷிகாவுக்குப் பால், முட்டை, கச்சான் கடலை, கோதுமை எதுவுமே ஒத்துக்கொள்ளாது. டொக்டர் சொன்னபடி மூன்று மாதமாக, தேங்காயெண்ணெய் விட்ட பயற்றங்கஞ்சிதான் ஊட்டினாள்.

பிள்ளையின் நிறை பார்க்கப் பொரளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, வெள்ளவத்தையில் ஆமி சோதனைக்காக பஸ்ஸை மறித்து எல்லாரையும் வெயிலில் நிறுத்தியது. கொண்டுவந்த கஞ்சி முடிந்து, பிள்ளை பசியில் அழுதது. ஒரு சிப்பாய் இரங்கி பிஸ்கட் நீட்டினான். நேசமலர் பதறி அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் முகம் கறுத்தது.

சிங்களம் வாயில் வரவில்லை. பிள்ளையின் சட்டைக்கையை உயர்த்தி, சொறிந்து புண்ணான தோலையும் பிஸ்கட்டையும் மாறி மாறிக் காட்டினாள். அவன் பார்த்தான்; அவர்களை முதலில் போகவிட்டான்.

"நானூறு கிராம் கூடியிருக்கு. இந்தக் கஞ்சியையே குடுங்கோ," என்றார் டொக்டர்.

"ஓம்" என்றாள் நேசமலர். தர்ஷிகாவைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டாள்.