தரைக்குக் கீழே சதுர அடி கிடையாது

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் வங்கிக்காக என் வீட்டை மதிப்பிட வந்த பெண், நான் உட்கார்ந்து எழுதும் நிலவறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது வீட்டுப் பரப்புல வராது" என்றாள். தரைக்குக் கீழே இருப்பது சேராதாம். பழிவாங்குவதற்காக டெல்பர்ட் ஹ்ருஷ்காவை உண்டாக்கினேன்.

2.
ஐயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே... (வேண்டாம். ஐயோவா என்றாலே சோளமா?)

அந்த ஐயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் டெல்பர்ட் தன் வீட்டைக் கெண்ட்ரா என்ற பெண்ணுக்கு மூன்று லட்சம் டாலருக்குப் பேசி முடித்திருந்தார். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் வடக்கே துலூத் நகரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வாங்க முடியும். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் கிரெட்சனோ, வீடு இரண்டரை லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டாள். அதற்கு மேல் வங்கி கடன் தராது. மீதியைப் போடக் கெண்ட்ராவிடம் வழியில்லை.

"கீழ் ரூமை ஏம்மா விட்டுட்ட? செத்துப்போன என் பொண்டாட்டி ஆர்லீன் பாதி ஊருக்கு அங்கதான் முடி வெட்டினா."

"எங்கம்மாவுக்கும் வெட்டியிருக்காங்க, சார். ஆனா செவரு மண்ணுக்குள்ள இருக்கே. ரூல் அது."

டெல்பர்ட் யோசித்தார். சுவர் மண்ணுக்குள் இருப்பது சுவரின் குற்றமா, மண்ணின் குற்றமா? மறுநாள் மண்வெட்டியை எடுத்தார்.

3.
(இங்கே தயங்கினேன். எழுபதைத் தாண்டிய மனுஷன் வீட்டைச் சுற்றி மண்ணை வெட்டி எடுப்பாரா? ஆனால் கெண்ட்ராவும் ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றதும் கதை என் கையைவிட்டுப் போய்விட்டது.)

"வாங்கப்போற வீட்டையே தோண்டுறியேம்மா?"

"தோண்டினாத்தானே வாங்க முடியும்! தள்ளுங்க, நீங்க வெட்டுற லட்சணத்துக்குப் பனி விழுந்துடும்."

வீடு மெல்ல வெளியே வந்தது. வாசற்கதவு தலைக்கு மேலே போய்விட்டது. தபால்காரர் கடிதங்களைக் கீழிருந்து வீசிவிட்டுப் போனார்.*

* இவருக்கு ஒரு பெயரும் காதலும் வைத்திருந்தேன். பள்ளத்தைப் பார்த்ததும் கதைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார்.

4.
முடிவுகள். (அ) கிரெட்சன் மறுபடி வந்து, நிலவறையைக் கூட்டி, பள்ளத்தைக் கழித்து, அதே இரண்டரை லட்சத்தை எழுதுகிறாள். நிஜத்தில் இப்படித்தான் நடக்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. (ஆ) கெண்ட்ராவின் பணக்கார அத்தை ஒருத்தி திடீரென்று... சே, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே இப்படி நிற்கிறது: பள்ளத்தின் விளிம்பில் கிரெட்சன், கையில் அளவு நாடா. முதல் தடவையாக வெயில் பார்க்கும் சுவரில் சாய்ந்துகொண்டு டெல்பர்ட் கேட்கிறார்:

"இப்பச் சொல்லும்மா. ஆர்லீன் இருந்த எடம் வீடா, இல்லையா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் கதையின் சொந்தக்காரன். சொந்தக்காரன் சொல்லும் மதிப்பு செல்லாது, சம்பந்தமில்லாத ஆள்தான் வந்து பார்க்க வேண்டும். கிரெட்சனிடமிருந்து நாடாவை வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஏணி கொஞ்சம் ஆடும். டெல்பர்ட் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.