இடப்பக்கம் முறுக்கிய கம்பி

1

இந்தக் கதை அக்லியின் வெள்ளிப் பட்டறையில் நடந்த ஒரு சண்டையிலிருந்து எடுத்தது. நான் வேடிக்கை பார்த்தவன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

முதல் வரி: கபீலிய மலைகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த—

வேண்டாம். பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2

கெனிமா புருஷனை விட்டுப் போகிறாள். மகன் பிறந்தபோது ஊர் வழக்கப்படி தன் நெற்றியில் அணிந்த வெள்ளிப் பதக்கத்தையும் கொண்டுபோக வேண்டும் என்கிறாள். வெள்ளி வேலைக்காரரான அவள் அப்பா சயீத் செத்துவிட்டார். அவர் கைபட்டதில் அவளிடம் மிச்சம் இது ஒன்றுதான். மாமியார் வர்தியாவோ, அது வீட்டுச் சொத்து என்கிறாள். செய்தது யார் என்று அக்லி சொல்லட்டும், அதோடு தீர்ந்தது என்றது ஊர்ச் சபை.

(இங்கே நகையில் யாரும் பெயர் பொறிப்பதில்லை. வேலையைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும்.)

3

அக்லி பதக்கத்தைத் திருப்பினார்.

“எனாமலு, பவளமெல்லாம் எவன் வேணாலும் பாத்துச் செய்வான். விளிம்புக் கம்பியப் பாரு. ஊரே வலப்பக்கம் முறுக்கும். இது இடப்பக்கம். சயீத் பட்டறைதான்.”

“அப்பா பட்டறையில முறுக்கினதே நான்தாண்ணே. நான் இடதுகைக்காரி” என்றாள் கெனிமா.

வர்தியா சிரித்தாள். “உங்கப்பன் செய்யலேன்னு யாருடி சொன்னா? வெள்ளி யாருது? எங்கம்மா தண்டையத்தானே உருக்கக் குடுத்தேன்!”

“‘இது உனக்கும்மா’ன்னு சொல்லி அப்பா என் கையில வச்சாரு அத்தை.”

“நான்தான் வைக்கச் சொன்னேன். மருமகளுக்கு. ஓடிப் போறவளுக்கு இல்ல.”

அக்லி கண்ணாடியைக் கழற்றினார். “என்னைக் கேட்டது யார் செஞ்சதுன்னு மட்டும்தான். சொல்லிட்டேன்.”

ஊர்ச் சபை கேட்ட கேள்வியே தப்பு. அவரவர் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்துச் செய்துகொள்கிற ஊரில், செய்தவரைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

4

வர்தியாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அம்மாவின் தண்டையை உருக்கக் கொடுத்தவள் அவள்.

முடிவு ஒன்று: அக்லி பொய் சொல்கிறார். அடித்துவிட்டேன். அவர் பொய் சொல்ல மாட்டார்.

முடிவு இரண்டு: பேரனுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். இது தப்பித்தல். பேரன் தொட்டிலில் தூங்குகிறான்.

மூன்றாவதாக, கெனிமா பிடுங்கிக்கொண்டு

இல்லை.

5

அக்லி பதக்கத்தை மேசையில் வைத்துவிட்டார். இரண்டு பேரும் கை நீட்டியபடி நிற்கிறார்கள். நான் இனி எழுதப்போவதில்லை. நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போது, கிடைக்காதவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுங்கள்.