பின்னால் நின்றவள்

தென்காசி மரக்கடைகளில் முப்பது வருஷம் தேக்குத் தடி சுமந்தவர் வீரபாகு. 1958 தை மாதத்தில், அறுபத்தெட்டாவது வயதில், கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும் மனைவி உலகம்மாள் பயந்துவிட்டாள். அன்றிலிருந்து அவரை எழுந்திருக்கவே விடவில்லை. சோறு ஊட்டினாள், கட்டிலிலேயே உடம்பைத் துடைத்துவிட்டாள், சட்டைப் பித்தானைக்கூட அவளே மாட்டினாள். மூன்று மாதத்தில் அவர் கால்கள் சூம்பிப்போயின. பேச்சும் குறைந்தது. இன்னும் என்ன செய்தால் தேறுவார் என்று தெரியாமல் தவித்தாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபமலர் வந்து பார்த்துவிட்டு அவளை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"ஆச்சி, ஒங்க மேல குத்தமில்ல. ஆனா படுத்தே கெடந்தா உள்ள பெலமும் போயிரும். அவுக நடக்கட்டும். நீங்க பின்னாலயே நில்லுங்க. தடுமாறினா மட்டும் பிடிங்க."

மறுநாள் காலை உலகம்மாள் அடுக்களையில் இலையைப் போட்டுவிட்டு, "இங்கன வந்து சாப்பிடுங்க" என்றாள்.

"என்னட்டி, நான் வேண்டாதவனாப் போயிட்டனா?"

அவளுக்கு ஓடிப்போய் ஊட்டிவிடக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். சுவரோரமாக ஒரு எட்டு, இன்னொரு எட்டு. அவள் சத்தமில்லாமல், இரண்டு கைகளையும் நீட்டியபடியே பின்னால் நடந்தாள்.

நாலாம் நாள் ஜன்னல் வெயிலில் அவள் நிழல் எதிர்ச் சுவரில் விழுந்தது, நீட்டிய கைகளோடு. வீரபாகு அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தெனமும் இப்படித்தான் வருதியா?"

"ஆமா."

"கையை எறக்குட்டி. வலிக்கப் போவுது."

அப்புறம் அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. வைகாசியில் கம்பூன்றித் தெருக்கோடி வரை போனார்.

ஆடிச் சாரலில் இருவரும் குற்றாலத்துக்கு பஸ் ஏறினார்கள். பாறை வழுக்கும், தனக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

"நீ போய்க் குளிச்சிட்டு வா. மாத்துச் சேலையைக் குடு, நான் வச்சிருக்கேன்."

ஆறு மாதமாக அவசரக் குளியல்தான் அவளுக்கு. அன்று அருவிக்கடியில் போதும் போதும் என்கிற வரை நின்றாள். நடுங்கிக்கொண்டே திரும்பியபோது, சேலை சாரலில் நனையாமல் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"ஊருக்குப் போனதும் அந்த நர்ஸம்மாவப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள்.

"நானும் வருதேன். நடந்தே வருதேன்."