பீரோவுக்குள் ஒரு வாரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். இது நான் கதைக்கு வெளியே சொன்ன பொய். திங்கட்கிழமை என் அக்கா ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று அதை உண்மை என்று சொல்லப்போகிறாள். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: "காற்றின் மாசை அளப்பதற்கென்றே பிறந்தவள் அவள்…"

[அடித்துவிட்டேன். யாரும் அதற்கென்று பிறப்பதில்லை. அக்கா பிறந்தது எனக்கு நான்கு வருடம் முன்னால், என்னை அதட்டுவதற்காக.]

2

இரண்டாம் தொடக்கம், சுற்றி வளைக்காமல்: அக்கா சுற்றுச்சூழல் விஞ்ஞானி. லாரிகள் ஓயாமல் ஓடும் எங்கள் சாலையில் முப்பது பேரைப் பிடித்து, ஆளுக்கொரு இயந்திரம் கொடுத்தாள். செங்கல் அளவு இருக்கும். ஒரு வாரம் காற்றை உறிஞ்சி, தூசியை ஒரு வெள்ளை வடிகட்டித் தாளில் பிடித்து வைக்கும். ஏழாம் நாள் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளப்பாள். தூசி கூடக்கூட மூச்சு குறைகிறது என்று காட்டிவிட்டால், லாரிகளை வேறு வழியில் திருப்பிவிடச் சொல்லலாம். எங்கள் சாலையில் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது.

இருபத்தொன்பது பேர் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். பதினேழாம் எண்காரர் மட்டும் குட்டையைக் குழப்பினார். வயது நாற்பத்தொன்று. தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூச்சு மட்டும் எண்பது வயதுக்காரருடையது.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கையில்லை. சோம்பேறி, சுகவாசி. போதாக்குறைக்கு எழுத்தாளர் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.]

3

சரி, மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினேழு நான்தான்.

அந்த இயந்திரம் நாள் முழுக்க ர்ர்ர் என்று முனகும். ஒரு வாக்கியம் எழுத விடாது. முதல் நாளே அதைப் பீரோவுக்குள், கம்பளிப் போர்வைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஏழாம் நாள் எடுத்துத் தூசி தட்டி* கொடுத்தேன்.

* தட்டத் தூசியே இல்லை. பழக்கதோஷம்.

அக்கா இரண்டு நாள் அந்த எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"உன் ரூம் காத்து மலை உச்சில இருக்கற மாதிரி இருக்கு. உன் மூச்சு மட்டும் ஏன்டா இப்படி இருக்கு?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

"திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கறியா?"

பீரோவைச் சொல்வதா, சிகரெட்டை ஒப்புக்கொள்வதா? சிகரெட் கொஞ்சம் கௌரவமாகப் பட்டது. "ஆமாக்கா" என்றேன்.

நான் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை.

"என்ன பிராண்டு?"

"நீலப் பெட்டி."

அக்கா திட்டவில்லை. கண் கலங்கிவிட்டாள். புகைபிடிப்பவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை என்பது விதியாம். அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பு சேர்ந்தது: "எண் 17 புகைபிடிப்பவர் என்பதால் நீக்கப்பட்டார்." அன்றிலிருந்து அம்மா என் சட்டைகளை மோந்து பார்க்கிறாள்.

4

முடிவு ஒன்று: வாயை மூடிக்கொண்டு இருப்பது. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வரும் லாரிக்காரர்களின் வக்கீல், "உங்க சொந்தத் தம்பியாமே, அவர் சிகரெட் பிடிச்சதை யாரு பாத்தது?" என்று கேட்டால் அக்காவின் மூன்று வருட உழைப்பு அம்போ.

முடிவு இரண்டு: "அக்காவின் கால்களைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி…"

[ச்சீ.]

முடிவு மூன்று, நடந்தது: நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அக்காதான். பொய்யாகத் தோன்றும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவாள். மூன்றாம் பகுதி வரை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். மறுநாள் வந்தாள். "கண் கலங்கிவிட்டாள்" என்பதைச் சுற்றி மட்டும் வட்டம். ஓரத்தில், "தூசி விழுந்தது."

"அடிக்குறிப்பை மாத்திட்டேன். இயந்திரம் பீரோவுக்குள்ள இருந்ததால நீக்கப்பட்டார்."

"பீரோன்னு போட்டே ஆகணுமாக்கா? எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து அதே இயந்திரத்தை எடுத்து என் மேசையில் வைத்து, ஜன்னலைத் திறந்தாள்.

"இது அறிக்கைக்கு இல்ல. எனக்கு. சிகரெட்டும் இல்லைன்னா, அப்போ உன் மூச்சை எதுடா தின்னுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

5

முதல் பகுதியில் திங்கட்கிழமை பற்றி எழுதியது இனி பொருந்தாது. திருத்தவில்லை, கிடக்கட்டும்.

இன்று மூன்றாம் நாள். இயந்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வரிக்கு நடுவில் [ர்ர்ர்] கேட்கிறதல்லவா, அதுதான். ஜன்னலை மூடவில்லை. லாரிகள் போகின்றன. பள்ளி விட்டாயிற்று, பிள்ளைகளும் போகிறார்கள். பயமாக இருக்கிறது.

முடிவு ஏழாம் நாள் ஒரு எண்ணாக வரும். எதையும் இட்டுக்கட்டிவிடும் எனக்கு அதை மட்டும் இட்டுக்கட்ட அனுமதியில்லை. அக்கா பென்சிலால் எழுதுவதற்காக இடம் விட்டிருக்கிறேன்.

பதினேழாம் எண்ணின் தாளில் தூசி: ________

அவள் வரும்வரை நீங்கள் ஒரு எண் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் சின்னதாகவே போடுங்களேன்.