மிச்சமிருந்த ஒரு சென்ட்

1961-ஆம் வருஷம் நெய்வேலிச் சுரங்கத்துக்காக மேல்மண்ணை வெட்டி எடுத்தபோது, ராஜாம்பாளின் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரில் ஒரு சென்ட் மட்டும் கீழே இறங்கவில்லை. சுற்றியிருந்த மண்ணையெல்லாம் சக்கர மெஷின் அள்ளிக்கொண்டு போன பிறகும், அடியில் ஒரு முட்டும் இல்லாமல், இரண்டு பனை உயரத்தில் அது தன்பாட்டுக்கு நின்றது. அதன்மேல் ஓர் ஆவாரஞ்செடி பூத்திருந்தது. காலை ஷிப்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அதன் நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள்.

விஷயம் இதுதான். அப்பா சாகும்போது பெண்ணுக்கும் சமபங்கு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி நிலத்தின் நீளத்துக்குக் கயிறு பிடித்து, அதை மூன்றாக மடித்து முளை அடித்தார்கள். மூன்றாக மடித்த கயிறு மிச்சம் எதுவும் விடாது. பெரியவன் ராமசாமிக்கு ஒன்று, ராஜாம்பாளுக்கு ஒன்று, சின்னவன் பன்னீர்செல்வத்துக்கு ஒன்று என்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டு சண்டை இல்லாமல்தான் இருந்தார்கள். நிலம் எடுக்க வந்த அலுவலகத்தில் ராமலிங்கம் என்ற குமாஸ்தா ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று எழுதப்போக, நயா பைசா வந்த பிறகும் என்னய்யா பின்னம், புள்ளி வைத்து இரண்டே இலக்கத்தில் எழுது என்று மேலதிகாரி சீறினார். ராமலிங்கம் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் ஒன்றை மூன்றால் வகுத்தார். கையை எடுத்த பிறகும் கைப்பிடி நிற்கவில்லை. மூன்று, மூன்று, மூன்று என்று அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தும் பலிக்காமல், அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, ஆளுக்கு முப்பத்துமூன்று சென்ட் என்று எழுதி முடித்தார். மீந்த ஒரு சென்டுக்கு யாருடைய பேரும் இல்லை. யாருடையதும் இல்லாததை யாரிடமிருந்து எடுப்பது? மண்ணுக்கு அது புரிந்திருந்தது.

ராஜாம்பாளுக்கு அந்த ஒரு சென்ட்தான் உயிர். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து பெற்ற பெண்குழந்தை, பேர் வைக்கும் முன்னே போய்விட்டது. பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை என்று சொந்த நிலத்திலேயே புதைத்து, தலைமாட்டில் ஆவாரஞ்செடி நட்டிருந்தாள். இப்போது புருஷன் பழனிவேலுக்குச் சுரங்கத்தில் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டன. ஆனால் அவளுக்கு வீட்டில் கால் தங்கவில்லை. உலையை வைத்துவிட்டுச் சுரங்கத்து விளிம்புக்கு ஓடுவாள், செடி தெரிந்ததும் திரும்புவாள், சோறு குழைந்திருக்கும். காற்று பலமாக அடித்தால் காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடுவாள். இந்த அழகில் அண்ணனும் தம்பியும் வேறு வந்து வாசலில் நின்றார்கள். மிச்சத்தையும் மூன்றாகப் பிரித்து மூன்று பேரும் ரேகை வைத்தால்தான், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்த இருவருக்கும் வேலை பெர்மனெண்ட் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு சென்டப் புடிச்சிகினு தொங்கறியே, நாங்க கான்ட்ராக்ட்லயே சாவறதா?" என்றான் ராமசாமி.

"எம் புள்ள அங்க படுத்துகினு கீது. அத மெஷின் வாயில போடச் சொல்றியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அந்தக் குழிக்கு ஒரு பிடி மண் போட்டவன்தான். ஒரு வருஷத்துக்கு மேல் மூவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தார்கள்.

கடைசியில் ராமலிங்கமே அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். சாக்குக்குள் மெஷின் இன்னும் கடகடத்துக்கொண்டிருந்தது. சாக்கை விலக்கிக் காட்டினார்.

"எப்பங்க நிக்கும் இது?"

"நிக்காதும்மா. பத்துப் பங்குல ஒம்போதைப் பிரிச்சுக் குடுத்திடும், ஒண்ணு மிஞ்சும். அந்த ஒண்ணையும் திரும்பப் பிரிக்கும், அதுலயும் கொஞ்சம் மிஞ்சும்."

"எத்தினி வாட்டி பங்கு போட்டாலுமா?"

"எத்தனை தடவை போட்டாலும்."

ராஜாம்பாள் சாக்கைத் தானே இழுத்து மெஷினை மூடினாள். பிறகு, "எங்க வெக்கணும் ரேகை?" என்றாள்.

வைத்துவிட்டாளே தவிர, அன்றைக்கு மூன்று தடவை விளிம்புக்கு ஓடினாள். மிஞ்சப்போவது எந்தப் பக்கம் என்று மெஷின் சொல்லவில்லை. மறுநாள் விளிம்பில் நின்று, கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தாள். நாலு ஓரங்களும் ரொட்டி உதிர்வதுபோல் உதிர்ந்து விழுந்தன. நடுவில், இரண்டு கட்டில் போடும் அளவுக்குச் செம்மண் நின்றது. அதில் ஆவாரஞ்செடி இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தம்பி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணன் தம்பி இருவரும் பெர்மனெண்ட் ஆனார்கள். மிச்சம் இருக்கிறதே என்று அலுவலகம் பிறகும் கூப்பிட்டது. இவளும் ஆவாரம்பூவைத் தலையில் செருகிக்கொண்டு போய் ரேகை வைத்துவிட்டு வந்தாள். நிலம் முறத்தளவு ஆயிற்று. அதற்கடுத்த முறை ஒரு மண்ணாங்கட்டியும் செடியின் ஒரு கிளையும் மிஞ்சின. இனி இதற்கு ஆள் செலவு கட்டாது என்று அலுவலகம் கைகழுவிவிட்டது. அத்தனை லேசாகிவிட்டதால் அது உயரத்தில் நிற்க முடியாமல் காற்றில் இறங்கிவந்து, விளிம்பில் நின்றவளின் இடுப்பருகே அந்தரத்தில் நின்றுகொண்டது. அவள் நடந்தால் நடந்தது. குழாயடியில் அவள் குடம் நிறையும் வரை காத்திருந்தது. குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பெண்கள் அதற்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். அதன் பிறகு ராஜாம்பாளுக்குச் சோறு குழையவில்லை.

அறுபத்தாறில் அண்ணன் மகள் சடங்குக்காகக் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினாள். புது கண்டக்டர் அவளையும் பக்கத்தில் மிதந்ததையும் பார்த்தான்.

"கொழந்தைக்கு எத்தினி வயசும்மா?"

அவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

"எட்டு முடியப்போவுதுங்க."

"அப்ப டிக்கெட் உண்டு," என்று ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவன் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தான். ராஜாம்பாள் தள்ளி உட்கார்ந்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். திரும்பி வரும்போது கண்டக்டர் கேட்கும் முன்பே கையை நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "நெய்வேலி ஒண்ணரை" என்றாள்.